மேலே ஓடிய ரயிலும் கீழே ஓடிய ரயிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மூணாறு பற்றி வெளிவந்த சுற்றுலாக் கட்டுரையில், குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ஓடிய சிறிய ரயிலைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. பலரும் மறந்துவிட்ட அந்த ரயிலை நினைவுபடுத்தியதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்த ரயிலில் மலைவிளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷனுக்கு வந்த தேயிலை, ரோப்வே எனப்படும் கம்பிவடத்தில் மலையிறங்கி, போடிநாயக்கனூரில் மறுபடியும் ரயிலேறித் தூத்துக்குடி துறைமுகத்தைச் சேர்ந்தது என்று அதில் எழுதப்பட்டிருந்தது சரியன்று. கட்டுரையாளரை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. மூணாறு பற்றி எழுதுவோர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்தெழுதி, இன்று இது மறுப்பின்றி ஏற்கப்பட்ட செய்தியாகவே ஆகிவிட்டது. போடியிலேயே பிறந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், இதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும். குண்டளைப் பாதை 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையாகத் தொடங்கி, 1908-இல் குறுகிய ரயில் பாதையாக மாறி, 1924 ஜூலை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்ததோ 1928-இல். மேலே ரயில் ஓடிய காலத்தில் கீழே ரயில் இல்லை. கீழே ரயில் வந்தபோது மேலே தண்டவாளம் இல்லை. இரண்டுக்கும் இடையே நான்கு ஆண்டு இடைவெளி இருக்கிறது. குண்டளை ரயிலில் ஏறிய ஒரு தேயிலைப் பெட்டிகூடப் போடி ரயிலில் ஏறியிருக்க வழியே இல்லை.

நான்கு ஆண்டுகள்தானே, இதைப் பெரிதுபடுத்த வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். அந்த நான்கு ஆண்டுகளை விட்டுவிட்டால் அந்தப் பாதை ஏன் போடப்பட்டது, அது எங்கே போய் நின்றது, அதன் சுமையை அதற்குப் பிறகு யார் சுமந்தார்கள் என்பவையெல்லாம் கண்ணில் படாமலேயே போய்விடும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1877-ஆம் ஆண்டு ஜூலையில் பூஞ்ஞார் அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். (கண்ணன் தேவன் என்பதே ஒரு தமிழ்த் தலைவனின் பெயர்தான் என்பதைத் தேயிலைப் பொட்டலத்தில் மட்டும் அந்தப் பெயரைப் பார்ப்பவர்கள் அறிய வேண்டும்.) சின்கோனா, காப்பி என்று பலவற்றையும் நட்டுப் பார்த்த பிறகு தேயிலை நிலைத்தது, 1897-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவானது. மலையில் தேயிலை விளைந்துவிட்டது, ஆனால் அதைக் கப்பலுக்குக் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதே துரைமார்களின் பெரிய கவலையாக இருந்தது. இன்றைய வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்கு மூணாறுக்குக் கொச்சிதான் வாசல் என்று தோன்றும். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. மேற்கே அடர்ந்த காடும், மழைக்காலத்தில் கடக்க முடியாத ஆறுகளும் இருந்தன. கிழக்கே மலை செங்குத்தாக இறங்கினாலும், இறங்கிய இடத்தில் போடி இருந்தது. அங்கே சந்தையும், அரிசியும், மாட்டுவண்டிகளும், வேலைக்கு வரத் தயாராக ஆட்களும் இருந்தார்கள். எனவே மூணாறின் தேயிலை கிழக்கு நோக்கித்தான் புறப்பட்டது. கிழக்கே மலைவிளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷனுக்கு அதைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காகவே குண்டளைப் பள்ளத்தாக்கில் முதலில் வண்டிப்பாதையும், அதன் ஓரமாகவே தண்டவாளமும் போடப்பட்டன.

1902-இல் போடப்பட்டது நாம் இன்று நினைக்கும் ரயில் அன்று. இயூவிங் முறை எனப்பட்ட ஒற்றைத் தண்டவாள ஏற்பாடு அது. பாதையோரத்தில் ஒரே ஒரு தண்டவாளம் பதிக்கப்பட்டிருக்கும். வண்டியின் அடியிலுள்ள சிறிய சக்கரங்கள் அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக உருளும். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் நீட்டப்பட்டிருக்கும். அது மண்சாலையின்மேல் ஓடும். பாரத்தின் பெரும்பகுதி தண்டவாளத்தின்மேல் விழுவதால், அதே மாடுகள் சாதாரண வண்டியில் இழுக்கக்கூடியதைவிடப் பல மடங்கு சுமையை இழுத்தன. ஆம், இந்த வண்டியை இழுத்தவை மாடுகள்தான். இதே முறையில் 1907-இல் தொடங்கப்பட்ட பட்டியாலா சமஸ்தானத்து ஒற்றைத் தண்டவாள வண்டியைத் தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் அது உருண்டுகொண்டிருந்தது என்பதை ஒரு வரியிலாவது சேர்த்துச் சொல்பவர்கள் அரிது.

தேயிலைத் தோட்டங்கள் விரிய விரிய மாடுகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1908-இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, இரண்டடி அகலக் குறுகிய பாதை போட்டு, சிறிய நீராவி என்ஜின்களை ஓட்டினார்கள். மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் ஆகிய இடங்களில் நிலையங்கள் இருந்தன. இன்றைய சாலைவழி மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் சுமார் 32 கிலோமீட்டர். அந்தச் சாலையில் பேருந்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். சுற்றிலும் அத்தனை மலைகள் இருந்தும், மாட்டுப்பட்டி வரை சாலை ஆற்றையும் மலைச்சரிவையும் ஒட்டியே நிதானமாக வளைந்து வளைந்து ஏறுகிறது. திடீர் ஏற்றமும் கொண்டை ஊசி வளைவும் அதிகம் இல்லை. ஒரு காலத்தில் தண்டவாளம் போன வழியை ஒட்டிப் போகும் சாலைக்கு உரிய குணம் அது. மூணாறு நிலையக் கட்டடம் பிற்காலத்தில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாக மாறி நின்றதும், அங்குள்ள அலுமினியம் பாலம் அந்த ரயில் பாதையோடு தொடர்புடையது என்பதும் மூணாறுவாசிகளுக்குத் தெரிந்தவையே.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே 1908-இல்தான் நீலகிரி மலை ரயில் உதகமண்டலம் வரை எட்டியது. ஒரே ஆண்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் இரண்டு மூலைகளில் இரண்டு நீராவி ரயில்கள் மலையேறின. ஒன்று ஆளுநரும் அதிகாரிகளும் கோடைக்குச் சென்ற ஊருக்குப் போனது. இன்று உலகப் பாரம்பரியச் சின்னமாகக் காக்கப்படுகிறது. மற்றொன்று தேயிலைப் பெட்டிகளையும் அரிசி மூட்டைகளையும் சுமந்தது. பதினாறு ஆண்டுகளில் போய்விட்டது. பயணிகளுக்காக அன்றிச் சரக்குக்காகப் போடப்பட்ட பாதை என்பதும், அரசினுடையதாக இல்லாமல் ஒரு தோட்டக் கம்பெனியின் சொந்தப் பாதையாக இருந்ததும், அது பொது நினைவில் தங்காமல் போனதற்கு முக்கியக் காரணங்கள் என்று நான் கருதுகிறேன்.

டாப் ஸ்டேஷன் என்ற பெயரைக் கேட்டு, மலையுச்சியில் இருப்பதால் அப்படிப் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ரோப்வேயின் மேல்நிலையம். அங்கிருந்து கீழே கொட்டகுடிக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கத்தைச் சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளத்தில் கம்பிவடத்தால் கடந்தார்கள். கொட்டகுடிப் பக்கம் இருந்தது பாட்டம் ஸ்டேஷன். நடுவே இருந்தது சென்ட்ரல் ஸ்டேஷன். குரங்கணியிலிருந்து மலையேறுகிறவர்கள் இன்றும் அந்தப் பெயரிலேயே வழங்கும் சிற்றூரைக் கடந்துதான் போக வேண்டும். ரயிலும் இல்லை, ரோப்வேயும் இல்லை. ஆனாலும் ஒரு மலைச்சரிவின் மூன்று இடங்களுக்கு மக்கள் 'ஸ்டேஷன்' என்றே பெயர் சொல்லிவருகிறார்கள். பேருந்தில் ஏறி 'டாப் ஸ்டேஷன் ஒரு டிக்கெட்' என்று கேட்கும்போது எந்த ஸ்டேஷனைச் சொல்கிறோம் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

எனக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது என் தாத்தாவுடன் குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு நடந்தே ஏறியிருக்கிறேன். விடியற்காலையில் புறப்பட்டு, சென்ட்ரல் ஸ்டேஷனில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, மேலே போய்ச் சேர நண்பகல் தாண்டிவிட்டது. ரோப்வே நின்ற இடத்தில் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய மேடை சிதைந்து கிடந்தது. அதில் பெரிய திருகாணிகள் பதிந்திருந்தன. துருவேறி, கையை வைத்தால் செந்நிறம் உள்ளங்கையில் ஒட்டியது. மேடையின் ஒரு விளிம்பு வெறும் காற்றில் முடிந்தது. அதற்கப்பால் பள்ளம், பள்ளத்தின் அடியில் கொட்டகுடி ஆறு நூல்போல, அதற்கும் அப்பால் போடி. தாத்தா அந்த விளிம்புக்கு இரண்டடி தள்ளியே நின்று, "பெட்டி இங்கெ இருந்துதாம்ப்பா கெளம்பும். கீழ நாங்க அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்போம்" என்றார். அவர் மேலே வந்தது அதுதான் முதல் முறை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் அந்தத் தேயிலையைச் சுமந்தவர், அது எங்கிருந்து வருகிறது என்பதை எழுபது வயதுக்குப் பிறகே கண்டார்.

என் தாத்தா போடியில் மாட்டுவண்டி ஓட்டியவர். கொட்டகுடியில் ரோப்வே இறக்கிய பெட்டிகளைப் போடிக்குக் கொண்டுவருவது வண்டிக்காரர்களின் வேலை. தூரம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். தங்கள் கட்டுரை அத்தோடு போடியில் ரயிலேற்றிவிடுகிறது. ஆனால் 1924-க்கு முன் போடியில் ரயில் ஏது? திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் போகும் பெரிய லயன்தான் அன்று பக்கத்தில் இருந்த ரயில் பாதை. இன்று கொடைக்கானல் ரோடு என்று பெயர் பெற்றிருக்கும் அம்மையநாயக்கனூர் நிலையம்தான் இந்தப் பள்ளத்தாக்குக்கே வாசல். போடியிலிருந்து தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாக அங்கே போக எழுபது கிலோமீட்டருக்கும் மேல் ஆகும். பகல் வெயிலில் மாடு தாங்காது என்பதால் இரவில்தான் ஓட்டுவார்கள். பத்துப் பதினைந்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அச்சுக்கடியில் அரிக்கேன் விளக்குத் தொங்க, முன்வண்டிக்காரர் ஒருவர் மட்டும் விழித்திருக்க, மற்றவர்கள் மாட்டை நம்பித் தூங்கிக்கொண்டே போவார்களாம். நான்கைந்து இரவுகள் ஆகும். மழை பிடித்துக்கொண்டால் இன்னும் கூடுதல். பெட்டிக்குள் தண்ணீர் இறங்கினால் கூலியில் பிடித்துவிடுவார்கள் என்பதால் தம் மேல்துண்டையும் படுதாவோடு சேர்த்துப் பெட்டிமேல் போர்த்திவிட்டு நனைந்துகொண்டே போனதாகத் தாத்தா சொல்லுவார்.

அப்படி வந்த பெட்டிகளில் உடைந்துபோன ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் பல காலம் இருந்தது. மெல்லிய பலகை, விளிம்புகளில் தகரப்பட்டை வைத்து ஆணியடித்திருக்கும், உள்ளே ஈயத் தகட்டின் கிழிசல் ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டி அதில் புளி போட்டு வைத்திருந்தார். புளியையெல்லாம் எடுத்துவிட்டு மோந்து பார்த்தாலும் தேயிலை வாசம் வராதா என்று சிறுவயதில் பலமுறை முயன்றிருக்கிறேன், ஒருநாளும் வந்ததில்லை.

கீழே இறங்கியது தேயிலை என்றால், மேலே ஏறியது அரிசி. மூணாறு மலையில் நெல் விளையாது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குச் சோறு போட்டாக வேண்டும். அரிசியும், பருப்பும், துணியும், தோட்டத் தொழிற்சாலைகளுக்கான இயந்திரப் பகுதிகளும் ரோப்வேயில் ஏறி, டாப் ஸ்டேஷனில் குண்டளை ரயிலுக்கு மாறி, எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ச் சேர்ந்தன. மனிதர்கள் மட்டும் நடந்தே ஏறினார்கள். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் சேர்த்து அழைத்துவந்த குடும்பங்கள், தலைச்சுமையும் இடுப்பில் குழந்தையுமாக இந்தச் சரிவில் ஏறி, லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் குடியேறின. பாதைக்காகப் பாறையை உடைத்ததும், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி பரப்பியதும், மழைக்காலத்தில் சரிந்த மண்ணை அள்ளியதும் அவர்கள் கைகளே. பாதையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் துரைமார்களின் பெயர்கள் கிடைக்கின்றன. இவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

1924-ஆம் ஆண்டு, ரக்தாட்சி வருடம் ஆடி மாதம். மலையாளக் கணக்கில் கொல்லம் 1099-ஆம் ஆண்டு ஆடிக்கு நிகரான கர்க்கடக மாதம். அதனால்தான் கேரளத்தில் அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் எனப்படுகிறது. மூன்று வாரங்கள் போல மழை விடவில்லை. அதே ஆடியில் காவிரியிலும் பெருவெள்ளம் வந்து தஞ்சைச் சீமையை மூழ்கடித்ததை நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். குண்டளைப் பள்ளத்தாக்கில் நேர்ந்தது வெறும் ஆற்றுவெள்ளம் அன்று. மாட்டுப்பட்டியில் இரண்டு மலைகளுக்கு இடைப்பட்ட குறுகலான இடத்தில் மண்சரிவும் பெயர்ந்த மரங்களும் அடைத்துக்கொண்டு, தானாகவே ஓர் அணைபோலத் தண்ணீரைத் தேக்கிவிட்டன. தேங்கிய நீர் ஒரு கட்டத்தில் அந்த அடைப்பை உடைத்துக்கொண்டு மூணாறை நோக்கிப் பாய்ந்தது. ஊரும், பாலங்களும், ஆற்றோரமாகப் போன தண்டவாளமும் அதன் வழியில் இருந்தன. எளிதாக ஏறுவதற்காக ஆற்றை ஒட்டியே போடப்பட்ட பாதைக்கு, அந்த ஆறே எமனாக வந்தது. (பிற்காலத்தில் அரசு மாட்டுப்பட்டி அணையைக் கட்டியதும் அதே குறுகலான பகுதியில்தான் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.)

வெள்ளத்தால் அழிந்தது என்று சொல்லி எல்லாரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். என் கருத்தில் வெள்ளம் பாதிக் காரணம்தான். வெள்ளத்தில் போன பாதைகள் உலகில் எத்தனையோ திரும்பப் போடப்பட்டிருக்கின்றன. 1964 புயலில் சேதமடைந்த பாம்பன் பாலம் 46 நாட்களில் சீர்செய்யப்பட்டதை நம் தலைமுறையே பார்த்தது. குண்டளைப் பாதையைத் திரும்பப் போட வேண்டாம் என்பது வெள்ளம் வடிந்த பிறகு கம்பெனி எடுத்த முடிவு. கம்பிவடம் ஆற்றைத் தொடுவதில்லை. மண் சரிந்தாலும் தூண்களை மட்டும் நிமிர்த்தினால் போதும். மோட்டார் லாரிகளும் வரத் தொடங்கியிருந்தன. மேற்கே ஆலுவாயிலிருந்து மாங்குளம் வழியாக வந்த பழைய சாலையும் அதே வெள்ளத்தில் அழிந்து கைவிடப்பட, நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை போடப்பட்டது. நேரியமங்கலம் பாலம் 1935-இல் திறக்கப்பட்டது. அந்த நாளிலிருந்து மூணாறின் முகம் மெல்ல மெல்லக் கிழக்கிலிருந்து மேற்குக்குத் திரும்பியது. குண்டளை ரயிலைத் திரும்பப் போட்டிருந்தாலும் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அது நின்றிருக்காது என்றே நினைக்கிறேன்.

இதற்கிடையில் 1928-இல் போடிக்கு ரயில் வந்தது. டாப் ஸ்டேஷன் ரோப்வே அப்போதும் இயங்கிக்கொண்டிருந்தது. ஆகவே ரோப்வேயில் இறங்கிய தேயிலை போடியில் ரயிலேறியது என்று சொன்னால் அது 1928-க்குப் பிற்பட்ட காலத்துக்குப் பொருந்தும். குண்டளை ரயிலில் வந்த தேயிலை ரோப்வேயில் இறங்கியது என்று சொன்னால் அது 1924-க்கு முற்பட்ட காலத்துக்குப் பொருந்தும். இரண்டு காலங்களையும் சேர்த்து ஒரே பயணமாகத் தைத்துவிட்டதில்தான் பிழை பிறந்தது. அந்தத் தையலில் காணாமல் போனவர்கள் வண்டிக்காரர்கள். ரயிலிலிருந்து ரயிலுக்கு என்று எழுதிவிட்டால் நடுவில் மாட்டுக்கும் மனிதனுக்கும் இடமில்லை அல்லவா?

போடிப் பாதையின் கதையும் நிம்மதியானதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அதாவது அதன் முதல் ஆயுள் குண்டளை ரயிலின் பதினாறு ஆண்டுகளைவிடவும் குறைவு. விடுதலைக்குப் பின் 1950-களில் பாதை மீண்டும் போடப்பட்டது. அகலப் பாதையாக்கும் பணிக்காக 2010-ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டபோது, ஓரிரு ஆண்டுகளில் திரும்பிவிடும் என்று நம்பினோம். 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூன் மாதம் போடி வரையும் ரயில் வந்து சேர்ந்தது. அந்த முதல் நாளில் நிலையத்தில் நின்றிருந்தவர்களில் நானும் ஒருவன். பன்னிரண்டு வயதுப் பேரன் அதுவரை தன் ஊரில் ரயிலையே பார்த்ததில்லை.

இந்தப் பக்கத்து ஊர்களில் மட்டும்தான் இப்படி என்றும் சொல்வதற்கில்லை. பஞ்சகாலப் பாதுகாப்புக்கென்று 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும் குறுகிய ரயில் பாதைகள் போடப்பட்டன. பின்னது 1913-இல் ஓசூர் வரை நீண்டது. வருவாய் போதவில்லை என்றும், பிறகு போர்க்காலத் தேவைக்கென்றும் அவை எடுக்கப்பட்டுவிட்டன. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகராகியும் ரயிலுக்காகக் காத்திருக்கிறது. தனுஷ்கோடிப் பாதை 1914-இலிருந்து 1964 வரை ஐம்பதாண்டு ஓடிக் கடலோடு போனது. தனுஷ்கோடியை எல்லாருக்கும் தெரியும். மற்றவற்றுக்கு அந்தந்த ஊரிலேயே சாட்சி குறைவு. குண்டளைப் பாதைக்கு நேர்ந்த கூடுதல் கேடு என்னவென்றால், மலைமேல் பாதை கேரளத்திலும், இறங்கிய சரிவும் வண்டிப்பாதையும் தமிழ்நாட்டிலுமாக அதன் கதை இரண்டு மாநிலங்களுக்கு நடுவே பிளந்துவிட்டது. அங்கே எழுதுகிறவர்கள் டாப் ஸ்டேஷனோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இங்கே எழுத வேண்டிய நாம் எழுதவே இல்லை.

அண்மைக் காலமாக மூணாறில் அந்தச் சிறு ரயிலைச் சுற்றுலாவுக்காக மறுபடி ஓட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்துள்ளது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலையோ ரோப்வேயோ வேண்டும் என்று எங்கள் பக்கத்திலும் கோரிக்கை உண்டு. அவற்றை நான் எதிர்க்கவில்லை. ஆனால் 2020 ஆகஸ்டில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் இரவில் மலை சரிந்து, லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த எழுபது பேர் மடிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் போனவர்களின் வழிவந்தவர்கள். 1924-இல் அந்த மலை எப்படி நடந்துகொண்டது என்பதைச் சரியாக எழுதிவைத்துப் படிக்காமல், அதே பள்ளத்தாக்கில் பொம்மை ரயில் விடுவதைப் பற்றி மட்டும் பேசுவது பொறுப்பான செயலாகாது. பாதை எங்கெங்கே ஆற்றை ஒட்டிப் போனது, எங்கே முதலில் உடைந்தது என்பன போன்ற விவரங்களுக்கு, அதன் வரலாறு இன்று நேரடிப் பயனும் உடையது.

ஆகவே தங்கள் நாளிதழ் வாயிலாகச் சிலவற்றை வேண்டிக்கொள்கிறேன். கட்டுரையிலுள்ள பிழைக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். போடிநாயக்கனூர் ரயில் நிலையத்தில் தென்னக ரயில்வே ஒரு பலகை வைக்க வேண்டும். அதில் 1902, 1908, 1924, 1928 ஆகிய நான்கு ஆண்டுகளும், கொட்டகுடியிலிருந்து அம்மையநாயக்கனூர் வரை சென்ற வண்டிப்பாதையின் வரைபடமும் இருந்தால் போதும். கொட்டகுடியிலும் சென்ட்ரல் ஸ்டேஷனிலும் ரோப்வேயின் அடித்தளங்களில் எஞ்சியவற்றைத் தொல்லியல் துறை பார்வையிட்டு அளந்து பதிவு செய்ய வேண்டும். கல்லைப் பெயர்த்து வீட்டுக்குப் படிக்கட்டாகப் போட்டுக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன், அவர்கள் மேல் தவறில்லை, அது என்னவென்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வண்டிக்காரர்களின் பிள்ளைகள், தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்று இறங்கி வந்தவர்கள் ஆகியோரில் எண்பது, தொண்ணூறு வயதைக் கடந்த சிலர் போடியிலும் குரங்கணியிலும் இன்னும் இருக்கிறார்கள். மதுரையிலும் தேனியிலும் உள்ள கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்கள் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு கோடை விடுமுறை வந்தால், தங்குவதற்கு இடமும் உணவும் ஏற்பாடு செய்து தர நானும் என் நண்பர்கள் சிலரும் தயாராக இருக்கிறோம்.

கடந்த மாதம் அவர்களில் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவருடைய தகப்பனாரும் என் தாத்தாவும் ஒரே வரிசையில் வண்டி ஓட்டியவர்கள். அம்மையநாயக்கனூரில் பெட்டிகளை இறக்கிவிட்டு, ரயில் கிளம்பி மறையும் வரை எல்லாரும் நின்று பார்த்துவிட்டுத்தான் மாடுகளைத் திருப்புவார்கள் என்று தகப்பனார் சொன்னதாக அவர் சொன்னார். கேட்டதை வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் நான்கு பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
போடிநாயக்கனூர்.